காகிதத்தில் அம்மா, வாயில் சித்தி

என்னைப் பெற்றவளை நான் சித்தி என்றுதான் கூப்பிடுகிறேன். பேச்சு வந்த நாளிலிருந்து அப்படித்தான். எங்கள் தொய்சான் பேச்சில் அது 'ஆ-யி'. அம்மாவுக்குத் தங்கையானவளை அழைக்கிற முறை. என்னைப் பெற்றவளுக்குத் தங்கையே கிடையாது. ஆளில்லாமல் ஒரு முறை சும்மா கிடக்கிறதே என்று எடுத்து இவளுக்கு மாட்டிவிட்டார்கள் என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பெயர் குவான் சோய்-ஹா. தெற்குச் சீனாவில் தொய்சான் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். அந்த ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் அமெரிக்காவில் இருப்பான். மிச்சம் இருக்கிறவர்கள் அவன் அனுப்புவதற்குக் காத்திருப்பார்கள். வயசுப் பெண்கள் அவனே வருவதற்குக் காத்திருப்பார்கள். அப்படி வந்தவர்தான் என் அப்பா. ஓக்லண்டில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு பெண் பார்க்க வந்து, கல்யாணமும் முடித்து, கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். விசா வர வருஷக்கணக்கானது. நடுநடுவே அவர் போய்வந்ததில் இரண்டு குழந்தைகள் பிறந்தன.

இரண்டும் தங்கவில்லை. முதல் குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறையும் முன்பே போய்விட்டது. இரண்டாவது போனபோது, மாதம் நிறைவதைக் கொண்டாடி ஊருக்குக் கொடுக்க முட்டைகளை வேகவைத்துச் சிவப்புச் சாயமே போட்டாகிவிட்டது. அந்த முட்டைகளை என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"தின்னோம். வேற என்ன செய்யிறது" என்றாள்.

எதையும் நக்கல் அடிக்கிறவள் நான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

சந்தை ஊரில் ஒரு குருட்டு ஜோசியன் இருந்தான். பிறந்த நேரத்தைச் சொன்னால் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போடுவான். அவன் சொன்னதை அவள் வார்த்தை மாறாமல் வைத்திருக்கிறாள்: "உனக்குப் பிள்ளை தங்கணும்னா அது உன்னுதுன்னு மேல இருக்கிறவங்களுக்குத் தெரியக் கூடாது. அது தன் வாயால உன்னை அம்மான்னு கூப்பிட்டுச்சுன்னா, வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

நான் பிறந்தது ஓக்லண்ட் ஆஸ்பத்திரியில். நர்ஸ் என்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "இந்தாங்க அம்மா, உங்க பொண்ணு" என்றாளாம். அப்போது இவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு கைப்பிடி. "நோ அம்மா. நான் சித்தி" என்றாளாம். நர்ஸ் என்னை அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மொழிபெயர்க்க ஆள் பிடித்து, விசாரணை நடத்தி, என்னைத் திருப்பிக் கொடுப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. பிறந்த அன்றே என்னால் ஒரு விசாரணை. பிற்பாடு பழகிவிட்டது.

பள்ளியில் என் பெயர் ஜாஸ்லின் மொக். வீட்டில் பன்னிக்குட்டி. நல்ல பெயர் வைத்துக் கொஞ்சினால் மேலே இருக்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்களாம். பன்னியை யார் பார்க்கப் போகிறார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வரி என்று எந்தக் காகிதம் வந்தாலும் 'அம்மா' என்ற இடத்தில் அவள் பெயரைத்தான் எழுதுவோம். மேலே இருக்கிறவர்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பது அவள் நம்பிக்கை. காகிதத்தில் அம்மா, வாயில் சித்தி. இதுதான் வீட்டுச் சட்டம். எனக்கு இதில் ஒரு குறையும் இருந்ததில்லை. சொல்லப்போனால் பிற்பாடு ரொம்ப வசதியாகவே இருந்தது. வெட்கக்கேடு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வந்த புதிதில் அவள் தையல் கூடத்தில் காலர் தைத்தாள். அந்தக் கூடத்தை மூடியதும் எட்டாம் தெருவில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, திட்டு வாங்கினாள். கிழவி போய்ச் சேர்ந்ததும், போன இலையுதிர் காலத்தில், யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலைக்கு மனுப் போட்டாள். வேலை கிடைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். பள்ளிக்கூடக் கேன்டீனில், மதியச் சாப்பாடு பரிமாறுகிற வேலை. என் பள்ளிக்கூடத்தில்.

"உன்னைத் தினமும் பாக்கலாம்ல" என்றாள்.

"வீட்ல பாக்குறது பத்தலையா?"

"வீட்ல நீ எங்க மூஞ்சியைக் காட்டுற? கதவைத்தானே காட்டுற."

முதல் நாள் வரிசையில் தட்டை நீட்டிக்கொண்டு போனேன். எதிரே அவள். தலையில் வலை, கையில் இடுக்கி, மார்பில் பெயர் அட்டை. என்னைப் பார்த்ததும் கேன்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "பன்னிக்குட்டி, காலையில ஒண்ணும் சாப்பிடாம ஓடிட்டியே" என்று எங்கள் பேச்சில் கத்தினாள். என் தட்டில் கோழித்துண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. எனக்குப் பின்னால் பிரைஸ் நின்றான். பேஸ்பால் ஆடுகிறவன்; அவன் சிரித்தால் ஒரு மேசையே சிரிக்கும்.

"அந்தம்மா உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டான்.

"சித்தி. தூரத்துச் சொந்தம்."

சித்தி என்றது பழக்கம். தூரத்துச் சொந்தம் என்றது நானாகச் சேர்த்தது. இங்கிலீஷில்தான் சொன்னேன்; ஆனால் அதெல்லாம் அவளுக்கு நன்றாகப் புரியும். பேசத்தான் வராது.

இடுக்கி ஒரு கணம் நின்றது. மறுநாளிலிருந்து அவள் என்னைப் பன்னிக்குட்டி என்று கூப்பிடவில்லை. எல்லாரிடமும் கேட்பது போல, என் முகத்தைப் பார்க்காமல், இங்கிலீஷில், "பீன்ஸா, சோளமா?" என்று கேட்டாள். நானும் எல்லாரையும் போல, "சோளம், தேங்க்யூ" என்றேன். கோழித்துண்டுகளை மட்டும் அவள் குறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் வழக்கம் போலத்தான். பன்னிக்குட்டி, குளிச்சியா, பன்னிக்குட்டி, அந்தப் போனை உடைச்சுப் போடப்போறேன். கேன்டீனைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பேசாமலே ஓர் ஒப்பந்தம். அதில் எனக்குத்தான் லாபம்.

அவள் பெயர் அட்டையில் முழுப் பெயரைப் போடாமல் கடைசி எழுத்தை மட்டும் பெரிதாக அச்சடித்திருந்தார்கள்: ஹா. பிரைஸும் அவன் கூட்டமும் அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகவில்லை. தட்டை நீட்டும்போதெல்லாம் "ஹா ஹா ஹா" என்பார்கள். அவளும் முகமெல்லாம் மலர்ந்து, "ஹா ஹா" என்று திருப்பிச் சொல்லி, கூட ஒரு துண்டு வைப்பாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னாள். "இந்த ஊர்ப் பிள்ளைங்களைக் கெட்டதுன்னு சொல்றாங்க. ஒண்ணொண்ணும் தங்கம். என் பேரைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டே தட்டை நீட்டுதுங்க."

"உன் பேருல என்ன சிரிப்பு இருக்கு?" என்றார் அப்பா.

"மனசுல சந்தோஷம் இருந்தா எதுக்கும் சிரிப்பு வரும். உங்களுக்கு எங்க தெரியப்போகுது."

நான் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சோற்றை வாயில் தள்ளினேன். மறுநாள் பிரைஸிடம் போய், "அவங்க என் அம்மா, வாயை மூடு" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரி. அதைச் சொல்வதற்குப் பதிலாக நான் செய்தது எனக்கு நன்றாக வருகிற வேலை.

எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒரு ஜாடி உண்டு. தையல் கூடத்தில் பக்கத்து மிஷினில் இருந்த ஹூனான்காரியிடம் சித்தி கற்றுக்கொண்ட மிளகாய் விழுது. பூண்டும் புளிக்கவைத்த கறுப்பு மொச்சையும் சேர்த்தது. அப்பா அதன் மூடியைத் திறந்தாலே பால்கனிக்குப் போய்விடுவார். அதை வடிகட்டி, கெச்சப்போடு பாதிக்குப் பாதி கலந்து, கேன்டீனில் பிரைஸ் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிற, அமுக்கினால் கொட்டுகிற டப்பாவில் நிரப்பிவிட்டேன். நிறம் அச்சு அசல். நான் செய்தவற்றில் இதுதான் சுத்தமான வேலை என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

பிரைஸ் அன்று பல் டாக்டரிடம் போயிருந்தான். டப்பாவை முதலில் அமுக்கியது ஒன்பதாம் வகுப்புப் பொடியன் ஒருவன். உருளைக்கிழங்கு மேல் தாராளமாக ஊற்றி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மூச்சு வாங்கினான். கண்ணும் மூக்கும் ஒழுகி, இருமி இருமி, கடைசியில் அவனை நர்ஸ் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆபத்தில்லை என்று அப்புறம் தெரிந்தது. அப்போது தெரியாது.

கேன்டீன் பொறுப்பாளர் லோரெட்டா வந்து டப்பாவைத் திறந்து மோந்தார். "என்ன எழவு இது" என்றார். சித்தி பக்கத்தில் வந்தாள். சுண்டுவிரலை உள்ளே விட்டு நாக்கில் வைத்தாள்.

தன் கை விழுதை அவளுக்குத் தெரியாதா. தலையை நிமிர்த்தினாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். வாயில் இருப்பதை விழுங்குகிற நேரம்தான் பார்த்தாள். பிறகு லோரெட்டாவிடம் திரும்பி, தன் இங்கிலீஷில், "என்னுது. என் வீட்டு ஜாடி. நான் தப்பு" என்றாள்.

"சோய், உன் வீட்டு ஜாடி எப்படி இதுக்குள்ள போகும்? நீ என்ன கிறுக்கியா?"

"நான் தப்பு. கை மாறிடுச்சு."

"உனக்குப் புரியுதா? பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா வேலை போயிடும். நான் மேல சொல்லியே ஆகணும்."

"சொல்லுங்க" என்றாள். தலை வலையைக் கழற்றி மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள்.

நான் என்ன செய்தேன் என்றால், தட்டில் இருந்ததைத் தின்று முடித்தேன். அப்புறம் வகுப்புக்குப் போனேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. நடந்தது இதுதான்.

பாத்ரூம் போகிறேன் என்று வெளியே வந்தபோது துணைத் தலைமையாசிரியை திருமதி ஹோல்கமின் அறை வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. வாசலில் குற்றவாளிகள் உட்கார ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. என் நாற்காலி. அதன் கைப்பிடியில் இருக்கிற கீறல்களில் பாதி நான் போட்டவை. அதில் சித்தி உட்கார்ந்திருந்தாள். கோயிலில் உட்காருகிற மாதிரி, முதுகைச் சாய்க்காமல், மடியில் பையை வைத்து, பையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. அவளுக்கு அந்த நாற்காலி உயரம். செருப்பு நுனி மட்டும்தான் தரையைத் தொட்டது.

என்னைப் பார்த்ததும், "கிளாசுக்குப் போ" என்றாள்.

கதவு திறந்து திருமதி ஹோல்கம் அவளை உள்ளே கூப்பிட்டார். நானும் பின்னாலேயே போய்விட்டேன்.

"ஜாஸ்லின், உன்னை இன்னிக்குக் கூப்பிடலையே" என்றார் அவர். நல்ல மனுஷி. என்னால் களைத்துப்போனவர்.

"கெச்சப்புல கலந்தது நான்தான்."

"பொய்" என்றாள் சித்தி இங்கிலீஷில். உடனே எங்கள் பேச்சில், "வாயை மூடுடி. பள்ளிக்கூடத்தை விட்டுத் தொரத்திடுவாங்க. எனக்கு இது இல்லன்னா இன்னொரு வேலை" என்றாள்.

"சித்தி, நீ சும்மா இரு."

திருமதி ஹோல்கம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவங்களும் தான்தான்னு சொல்றாங்க. நீயும் நான்தான்னு சொல்ற. ஒரு விஷயத்துக்கு ரெண்டு பேர் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்ல. இவங்க உனக்கு யாரு?"

நான் கார்ப்பெட்டைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு, "சரி, முதல்ல உங்க அம்மாகிட்டப் பேசுறேன்" என்று கணினியில் என் பக்கத்தைத் திறந்து, அதில் இருந்த எண்ணைப் பார்த்து, மேசைத் தொலைபேசியை அழுத்தினார்.

சித்தி மடியில் இருந்த பைக்குள் போன் அடித்தது. அவள் வைத்திருப்பது ஒரு பழைய கான்டனீஸ் நாடகப் பாட்டு. மேளமும் தாளமுமாக ஆரம்பிக்கும். அவள் பையை இறுக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அமுங்கின குரலில் பாட்டு தொடர்ந்தது. திருமதி ஹோல்கம் ரிசீவரைக் காதில் வைத்தபடி பையைப் பார்த்தார். சித்தி ஜன்னலைப் பார்த்தாள்.

"உங்க போன் அடிக்குதுன்னு நினைக்கிறேன்" என்றார் அவர்.

"அப்புறம் பேசுவேன்" என்றாள் சித்தி.

அவர் ரிசீவரை வைத்தார். பாட்டும் நின்றது. "அம்மா பேர் சோய் ஹா குவான்னு இங்க இருக்கு" என்றார் மெதுவாக.

"ஒரே பேரு. எங்க ஊர்ல நிறைய."

"ஒரே போன் நம்பரா?"

"ஒரே வீடு. ஒரு போன். ரெண்டு பேரும் பேசுவோம்." சித்தி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். நெற்றியில் வியர்வை. "இவ அம்மா வேலை. ரொம்ப வேலை. வர முடியாது. நல்ல அம்மா. நான் சித்தி. தூரத்துச் சொந்தம். நான் அவகிட்டச் சொல்றேன்."

தூரத்துச் சொந்தம். நான் அன்று வரிசையில் சொன்ன அதே இங்கிலீஷ் வார்த்தைகள், என் உச்சரிப்பிலேயே. அந்த மாதிரி வார்த்தைகள் அவளிடம் வேறு வழியில் வந்திருக்க முடியாது. என்னிடமிருந்து எடுத்துப் பத்திரமாக வைத்திருந்து, எனக்காகவே செலவு செய்தாள். மேலே இருக்கிறவர்களை ஏமாற்றத்தான் அவள் சித்தியானாள். இப்போது பிரைஸின் மேசையை ஏமாற்றவும் சித்தியாக உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. பிறந்ததிலிருந்து சொல்லாத சொல்லைச் சொல்லிவிட்டேன். எங்கள் பேச்சிலேயே.

"அம்மா, போதும் விடு" என்றேன்.

அவள் அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று ஏதோ ஒரு மடத்தனத்தில் நினைத்திருக்கிறேன் போல. அவள் முகம் வெளிறிவிட்டது. எழுந்துவிட்டாள். பை தரையில் விழுந்தது.

"ச்சோய்! துப்பு" என்றாள்.

"என்னது?"

"எச்சில் துப்பு. துப்பிட்டு மாத்திச் சொல்லு. இப்பவே."

அபசகுனமாக எதையாவது சொல்லிவிட்டால் 'ச்சோய்' என்று துப்பிவிட்டு மாற்றிச் சொல்வது எங்கள் வழக்கம். சின்ன விஷயத்துக்குச் சும்மா 'தூ' என்றால் போதும். அன்றைக்கு அது போதாது என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"இங்கயா? கார்ப்பெட் போட்டிருக்காங்க."

"துப்புடி, பாவி. மேல இருக்கிறவங்க காதுல விழறதுக்குள்ள."

நான் திருமதி ஹோல்கமின் குப்பைக்கூடையை எடுத்து அதில் துப்பினேன். அதில் ஒரு வாழைப்பழத் தோலும் நேற்றைய பத்திரிகையும் கிடந்தன.

"இப்பச் சொல்லு."

"சித்தி."

"இன்னும் சத்தமா."

"சித்தி. சித்தி. சித்தி."

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டாள். என் கையைப் பிடித்து நாடி பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். நான் இன்னும் உயிரோடுதான் இருந்தேன். அப்புறம்தான் உட்கார்ந்தாள். ஜோசியன் சொன்னதை நான் இத்தனை வருஷமும் ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் எல்லாருக்கும் சொல்லிவந்தேன். அவளுக்கு அது ஒருநாளும் வேடிக்கை இல்லை. ஒவ்வொரு தடவை நான் சித்தி என்றபோதும் அவள் அந்தச் சிவப்பு முட்டைகளின் பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள்.

திருமதி ஹோல்கம் குப்பைக்கூடையைப் பார்த்தார். "இங்க என்ன நடக்குதுன்னு யாராவது சொல்றீங்களா?"

நான் இங்கிலீஷில் சொன்னேன். "இவங்க என் அம்மா."

சொல்லிவிட்டுச் சித்தியைப் பார்த்தேன். மறுபடி துப்பச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். அங்கே யாருக்காவது புரிந்துவிட்டதா என்று காது கொடுக்கிற மாதிரி. ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு மட்டும் ரீங்காரம் போட்டது.

"அப்போ எதுக்குச் சித்தின்னு சொல்றாங்க?" என்றார் திருமதி ஹோல்கம்.

நல்ல பதில் ஒன்று தயாராக இருந்தது. கிராமம், ஜோசியன், மேலே இருக்கிறவர்கள். எல்லாம் உண்மை. சொல்லியிருந்தால் அந்தம்மா கண்ணில் தண்ணீர்கூட வந்திருக்கும். இவர்கள் கலாசாரம் என்று தலையாட்டியிருப்பார். நானும் தப்பித்திருப்பேன்.

"நான் அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்" என்றேன். "இவங்க எனக்கு அம்மான்னு தெரிஞ்சா அசிங்கம்னு நினைச்சேன். அது இவங்களுக்கும் தெரியும். அதான் சொல்றாங்க."

அசிங்கம் என்ற இங்கிலீஷ் சொல்லும் அவளுக்குத் தெரிந்திருந்தது. குனிந்து தரையில் கிடந்த பையை எடுத்து, அதன் மேல் இல்லாத தூசியைத் தட்டினாள்.

எனக்குப் பள்ளிக்கு வரக்கூடாது என்று ஒரு வாரம். திரும்பி வந்த பிறகு கோடை விடுமுறை வரைக்கும் மதியம் கேன்டீன் மேசைகளைத் துடைக்க வேண்டும். அந்த ஒன்பதாம் வகுப்புப் பொடியனின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் அப்பா கதவைப் பாதிதான் திறந்தார். சித்தி வேலை தப்பித்தது. பொய் சொன்னதற்கு ஓர் எச்சரிக்கை. லோரெட்டா என் கையில் துடைக்கிற துணியைக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "நீ அவ பொண்ணுன்னு எனக்கு முதல் நாளே தெரியும். எந்தச் சித்தி அவ்வளவு கோழி போடுவா?"

அந்த ஒரு வாரமும் சித்தி கறி மீன் தொடவில்லை. நான் தும்மினால் ஓடி வந்தாள். என்னோடு பேச்சு மட்டும் இல்லை. சனிக்கிழமை காலையில், "தலையை வாரிக்கிட்டு வா" என்றாள். சைனாடவுனில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற க்வுன் யாம் கோயிலுக்குப் போனோம். குழந்தை கொடுக்கிறவளும் காக்கிறவளும் அந்தத் தாய்தான். ஆரஞ்சுப் பழங்களை அடுக்கி, ஊதுவத்தி கொளுத்தி, என்னை மண்டியிட வைத்தாள்.

பிறகு பிறைத்துண்டு மாதிரி இருக்கிற இரண்டு மரக்கட்டைகளைக் கையில் சேர்த்துக் கும்பிட்டாள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. கேள்வியைக் கேட்டுவிட்டுக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் விழுந்தால் ஆமாம். இரண்டும் குப்புற விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டைப் பக்கம் மேலே தெரிய விழுந்தால் தெய்வம் சிரிக்கிறது.

"இந்தப் பன்னி தெரியாம ஒரு சொல்லு சொல்லிடுச்சு. துப்பிடுச்சு. அதை மறந்துடுவியா தாயே?"

போட்டாள். ஒன்று தட்டை, ஒன்று வளைவு. மூச்சை விட்டாள். கட்டைகளை எடுத்து மறுபடி கையில் சேர்த்தாள். இந்தத் தடவை ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தாள். குரலையும் தாழ்த்திக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்ததால்தான் கேட்டது.

"அதே சொல்லை இங்கிலீஷ்ல சொன்னா பரவாயில்லையா?"

கட்டைகள் விழுந்து ஆடி நின்றன. இரண்டும் தட்டைப் பக்கம் மேலே.

"சிரிக்கிறா" என்றேன்.

"தெரியுது."

"சிரிச்சா மறுபடி கேக்கணும்ல?"

அவள் கட்டைகளை எடுத்து, துடைத்து, அவற்றின் இடத்தில் வைத்துவிட்டாள். "வேணாம். மறுபடி கேட்டு, கூடாதுன்னுட்டா?" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் ஆரஞ்சுப் பழங்களைப் பைக்குள் எடுத்துப் போடுவதில் மும்முரமாக இருந்தாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் இடம் கிடைத்தது. அவள் ஜன்னல் ஓரம். காலடியில் பழமும் வெங்காயத்தாளும். கொஞ்ச தூரம் போனதும், வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு அந்தம்மாகிட்ட என்னமோ சொன்னியே. இங்கிலீஷ்ல."

"எதை?"

"அதான். ரெண்டாவதா சொன்னது."

நான் வாயைத் திறப்பதற்கு முன் பேருந்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தேன். யோசித்துச் செய்யவில்லை, கழுத்து தானாகத் திரும்பியது. இரண்டு வரிசை தள்ளி எங்கள் பள்ளிப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். இவ்வளவு ஆன பிறகும்.

"வேணாம் விடு" என்றாள். வெங்காயத்தாள் நசுங்குகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"இவங்க என் அம்மா" என்றேன் இங்கிலீஷில். உதட்டைத் தாண்டாத குரல்.

"யார்கிட்டச் சொல்ற?"

"உன்கிட்டதான்."

"என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத் தெரியாத விஷயமா?"

எழுந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்களின் பக்கம் திரும்பினேன். காது இரண்டும் கொதித்தன. "ஹேய்" என்றேன். "இவங்க என் அம்மா."

ஒருத்தி காதிலிருந்து ஒயரை எடுத்தாள். "என்ன?"

இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. ஓட்டுநர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். "இவங்க. என் அம்மா. கேன்டீன்ல இருப்பாங்கல்ல, அவங்க."

அவள் என்னைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். "சரி" என்றாள். ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். சித்தி இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பையை மடிக்கு எடுத்து எனக்கு இடம் விட்டாள்.

"உக்காரு, பன்னிக்குட்டி" என்றாள், எங்கள் பேச்சில், பேருந்து முழுக்கக் கேட்கிற மாதிரி. "வண்டி திரும்பப்போகுது. விழுந்து தொலைக்காத."